மருந்தரைத்த கோயில்கள்

(திருமுக்கூடலில், பொங்கலுக்கு முந்தைய வாரத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இப்போதெல்லாம் கோயிலுக்குப் போய்விட்டு வருகிறவர்கள் ஒரு வார்த்தை சொல்கிறார்கள், கவனித்திருப்பீர்கள். "கூட்டமே இல்லைங்க, நிம்மதியா சாமி பார்த்தோம்." 2019இல் காஞ்சிபுரத்தில் அத்தி வரதர் எழுந்தருளிய அந்த 48 நாளும் வரிசையில் நின்று நசுங்கியவர்கள் இப்படிச் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு கோயில் ஏன் அமைதியாக இருக்கிறது என்று நாம் கேட்பதில்லை. யாரும் எட்டிப்பார்க்காததால் அமைதியாக இருக்கலாம். விடியற்காலையில் ஒருவர் எழுந்து பெருக்கி, தண்ணீர் தெளித்து, எண்ணெய் ஊற்றி வைத்துவிட்டுப் போனதாலும் அமைதியாக இருக்கலாம். காதுக்கு இரண்டும் ஒன்றுதான். கோயிலுக்கு ஒன்றல்ல. இன்று நான் பேச வந்தது இந்த வேறுபாட்டைப் பற்றித்தான்.

இதற்கு இரண்டு ஊரை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று ஜப்பானில் இருக்கும் காமாகுரா. இன்னொன்று நீங்கள் உட்கார்ந்திருக்கும் இந்த ஊர்.

என் மகள் குடும்பம் யோகோஹாமாவில் இருக்கிறது. அங்கே போயிருந்தபோது ஒரு வார நாளில் எல்லோருமாகக் காமாகுராவுக்குக் கிளம்பினோம். யோகோஹாமாவிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்தான். மூன்று பக்கம் குன்று, ஒரு பக்கம் கடல். பன்னிரண்டாம் நூற்றாண்டின் கடைசியில் மினாமோட்டோ யோரிடோமோ என்ற தளபதி அங்கிருந்து ஜப்பானை ஆளத் தொடங்கினார். அடுத்த ஒன்றரை நூற்றாண்டு அதுதான் படைத் தலைநகரம். ஆட்சி போனபின் கோயில்கள் மட்டும் தங்கிவிட்டன. நம் காஞ்சியும் அப்படித்தானே?

அன்றைக்கு நாங்கள் பார்த்த எல்லாவற்றையும் சொல்லப்போவதில்லை. மாப்பிள்ளை ஒரு பட்டியல் வைத்திருந்தார். அதில் பாதியை என் முழங்கால் ரத்து செய்துவிட்டது. மிச்சத்தில் முதலாவது செனியாராய் பென்தென். ஊருக்கு மேற்கே ஒரு குன்று ஏறி, பாறையைக் குடைந்த சுரங்கவழியில் நுழைந்தால் உள்ளே ஒரு பள்ளம். நாலாபுறமும் பாறைச் சுவர். நடுவே சின்னச் சின்னச் சன்னதிகள். ஓரத்தில் ஒரு குகை, அதற்குள் ஊற்று. அங்கே ஊதுவத்தியும் மெழுகுவத்தியும் ஏற்றிவிட்டு, ஒரு மூங்கில் கூடையில் காசைப் போட்டு, அந்த ஊற்று நீரை மொண்டு ஊற்றிக் கழுவுகிறார்கள். கழுவிய காசைச் செலவழித்தால் பல மடங்காகத் திரும்பும் என்பது நம்பிக்கை. என் பேரன் என் சுருக்குப்பையில் கையை விட்டு ஒரு பத்து ரூபாய் நாணயத்தை எடுத்தான். "தாத்தா, இந்தியக் காசைக் கழுவினா எந்த நாட்டுல பெருகும்?" என்று கேட்டான். பக்கத்தில் நின்ற ஒரு மூதாட்டிக்கு என் மகள் அதை ஜப்பானியத்தில் சொல்ல, அவர் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். பிறகு அகப்பையை அவன் கையில் சரியாகப் பிடிக்க வைத்து, அவரே கூட நின்று நாணயத்தைக் கழுவ வைத்தார்.

அந்தச் சன்னதியில் இருப்பவள் யார் தெரியுமா? நம் சரஸ்வதி. பௌத்த நூல்களோடு இந்தியாவிலிருந்து சீனா வழியாகப் போய் ஜப்பானில் பென்சைதென் ஆனாள். எட்டாம் நூற்றாண்டிலேயே நாராவின் தோதாய்ஜி கோயிலில் எட்டுக் கைகளோடு மண் சிற்பமாக நின்றாள். பின்னால் கையில் ஒரு வீணையும் வந்தது, பீவா என்ற அந்த ஊர் வீணை. கலைக்கும் சொல்லுக்கும் தெய்வமாகப் போனவள், போன இடத்தில் செல்வத்துக்கும் பொறுப்பேற்றுக்கொண்டாள். லட்சுமியும் அங்கே போயிருக்கிறாள். ஆனால் கூட்டம் சரஸ்வதிக்குத்தான். படிப்பையும் பணத்தையும் ஒரே கவுண்ட்டரில் கொடுத்தால் யார்தான் வரிசையில் நிற்கமாட்டார்கள்?

ஒன்றைக் கவனியுங்கள். ஜப்பானில் பென்சைதென் இருக்கும் இடத்தில் பெரும்பாலும் தண்ணீர் இருக்கும். பீவா ஏரியின் சிக்குபு தீவு, கடலோரத்து எனோஷிமா, மியாஜிமா தீவு, இல்லையென்றால் ஒரு குளம், ஓர் ஊற்று. சரஸ்வதி முதலில் நதி என்பதை அவர்கள் விடவில்லை.

நாமும் விடவில்லை, அதற்கு நீங்களே சாட்சி. பிரமன் சரஸ்வதியை அழைக்காமல் காஞ்சியில் வேள்வி செய்தான். அவள் கோபம்கொண்டு வேகவதியாகப் பெருகி வந்தாள். பெருமாள் குறுக்கே படுத்து அணையிட்டார். திருவெஃகா என்னும் சொன்னவண்ணம் செய்த பெருமாள் கோயில் கதை இதுதான். கோபம் தணிந்த அந்த நதி எங்கே வந்து சேர்கிறது? இங்கே. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுவதால்தான் இது முக்கூடல். காமாகுராக் குகையில் என் பேரன் காசு கழுவிய தண்ணீரும், உங்கள் ஊர்ப் படித்துறைக்கு வர வேண்டிய தண்ணீரும் கதைப்படி ஒருத்தியேதான்.

வர வேண்டிய தண்ணீர் என்றுதான் சொல்ல முடிகிறது. காஞ்சிபுரத்துச் சாக்கடையையும் சாயக் கழிவையும் சுமந்த ஓடையாக வேகவதியை நாம் ஆக்கிவைத்திருக்கிறோம். அங்கே குகை ஊற்றில் ஒரு சருகு விழுந்தால் எடுத்துப்போட ஆள் இருக்கிறது. ஜப்பானியர்களைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்கள் ஊரிலும் அமைதி இலவசமாகக் கிடைப்பதில்லை. காமாகுராவின் கடலோர ரயிலில், எனோடென் என்பார்கள், சனி ஞாயிறுகளில் ஏற முடியாது, உள்ளூர்க்காரர்களே நொந்துபோயிருக்கிறார்கள். ஒரு கூடைப்பந்து கார்ட்டூனில் வந்த ரயில்வே கேட்டைப் படமெடுக்கவே தினமும் ஒரு கூட்டம் நிற்கிறது. கிராமப்புறங்களில் இளைஞர்கள் நகரத்துக்குப் போய்விட, துறவி இல்லாமல் பூட்டிக் கிடக்கும் கோயில்களும் அங்கே நிறைய. பராமரிக்க ஆளிருக்கும் இடத்தில் அமைதி, ஆளில்லாத இடத்தில் பாழ். இந்த விதி இரண்டு நாட்டுக்கும் ஒன்றுதான்.

செனியாராய் பென்தென் குன்றிலிருந்து இறங்கிப் பெரிய புத்தரைப் பார்த்தோம். கோதோகுயின் கோயிலின் வெண்கலப் புத்தர், 11 மீட்டருக்கு மேல் உயரம். 1252இல் வார்க்கத் தொடங்கியது. மேலே இருந்த மண்டபம் புயலிலும் கடல் வெள்ளத்திலும் அடித்துக்கொண்டு போய், பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்திருக்கிறார். படத்தில் எல்லோரும் பார்த்ததுதான்; அதனால் நீட்டவில்லை.

ஆனால் அந்த வளாகத்தில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போக முடியாது. இலங்கையின் ஜே. ஆர். ஜெயவர்தனவுக்காக வைத்த கல். 1951இல் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில், போரில் தோற்ற ஜப்பானிடம் இழப்பீடு கேட்கமாட்டோம், பகையை வளர்க்க வேண்டாம் என்று புத்தர் வாக்கைச் சொல்லிப் பேசினார். ஜப்பான் அதை மறக்கவில்லை. நாமும் மறக்கவில்லை, வேறொன்றை. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது அந்த நாட்டின் ஜனாதிபதி அவர்தான். மாப்பிள்ளை அந்தக் கல்லைப் படமெடுத்தார். எனக்குக் கை கூப்பத் தோன்றவில்லை. புத்தரைக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன்.

இனி நான் சொல்ல வந்த இடம். ஹாசே என்ற நிலையத்தில் ஏறினால், ஒரு சுரங்கம் தாண்டி அடுத்த நிலையம் கோகுராகுஜி. இறங்கியவர்கள் ரொம்பக் குறைவு. ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே அதே பெயரில் ஒரு கோயில். வைக்கோல் வேய்ந்த வாசல். நம் பக்கத்துக் கூரைவீட்டுத் திண்ணை வாசலைவிடக் கொஞ்சம்தான் பெரிது. உள்ளே மரங்களுக்கு நடுவே ஒரு நடைபாதை, அதன் முடிவில் ஒரு மண்டபம். படமெடுக்கக் கூடாது என்று எழுதியிருந்ததால் எல்லோரும் போனைப் பைக்குள் போட்டோம். பேரனுக்கு அதுவே பெரிய தண்டனை. அதனால் அவன் சுற்றிலும் பார்க்கத் தொடங்கினான். "தாத்தா, ஆட்டுக்கல்!" என்று கூப்பிட்டான்.

மண்டபத்துக்கு முன்னால் கல்லால் ஆன பெரிய தொட்டி ஒன்று. பக்கத்தில் திரிகைபோல் ஒரு கல். விளிம்பெல்லாம் பாசி. மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. இது எதற்கு என்று கேட்டால், மருந்து அரைக்க.

கோகுராகுஜியை 1259இல் ஹோஜோ ஷிகெதோகி என்ற பிரபு நிறுவினார். 1267இல் நின்ஷோ என்ற துறவியை வரவழைத்து அதன் தலைவராக்கினார்கள். அவர் காலத்தில் அது பெரிய வளாகம். துணைக் கோயில்கள், நோயாளிகளுக்கு விடுதி, மருந்துச் சாலை, ஏழைகளுக்குச் சோறு. தொழுநோயாளிகளைத் தொடவே ஆள் இல்லாத காலம் அது. நின்ஷோ இளம் துறவியாக நாராவில் இருந்தபோது, நடக்க முடியாத தொழுநோயாளி ஒருவரைத் தினமும் முதுகில் சுமந்துகொண்டு போய்ப் பிச்சை எடுக்கும் இடத்தில் விட்டு, சாயங்காலம் திரும்பச் சுமந்து வந்தார் என்று அவர் வரலாற்றில் சொல்வார்கள். 1298இல் நோயுற்ற குதிரைகளுக்குக்கூட ஒரு மருத்துவமனை வைத்தார். அடுத்த வாரம் மாட்டுக்குக் கொம்பு சீவிப் பொட்டு வைக்கப்போகிற உங்களுக்கு இது வியப்பாக இருக்காது.

போரும் தீயும் நிலநடுக்கமும் அந்த வளாகத்தைச் சுருக்கிவிட்டன. இன்று மிச்சம் ஒரு வாசல், ஒரு நடைபாதை, ஒரு மண்டபம், மருந்தரைத்த அந்தக் கல். அங்கே நிலவும் அமைதி ஒருகாலத்து இரைச்சலின் மிச்சம். இருமலும் முனகலும் கல் அரைபடும் ஓசையும் கேட்ட இடம். காமாகுராவிலேயே இன்னொரு கோயில், தோகேய்ஜி. 1285இல் நிறுவியது. கணவனிடம் வதைபடும் பெண் ஓடிவந்து அந்த வாசலுக்குள் புகுந்துவிட்டால் அவளைத் திருப்பி அனுப்பமாட்டார்கள். மூன்று ஆண்டு, பிற்காலத்தில் இரண்டு ஆண்டு, அங்கே தங்கினால் மணவிலக்கு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை இது நடந்தது. இன்றைக்கு அங்கே பூச்செடி பார்க்க வருகிறார்கள். எத்தனை பெண்கள் மூச்சுவாங்க ஏறிய படிக்கட்டு அது என்று எத்தனை பேர் நினைக்கிறார்களோ!

அந்தக் கல் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு உங்கள் ஊர் நினைவு வந்தது. பக்தி மிகுந்து வந்ததாகச் சொல்லமாட்டேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான். கோகுராகுஜிக்கு ஏறத்தாழ 200 ஆண்டு முன்பே திருமுக்கூடலில் ஒரு மருத்துவமனை நடந்தது. அங்கே கல் தொட்டி சாட்சி. இங்கே கல் எழுத்து சாட்சி.

எழுந்துபோய்ப் பார்க்க உங்களுக்கு ஐந்து நிமிடம் ஆகாது. அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலின் சுவரில் வீரராஜேந்திர சோழனின் கல்வெட்டு இருக்கிறது. 1063 முதல் 1070 வரை ஆண்டவர், கங்கைகொண்ட ராஜேந்திரனின் மகன். கல்வெட்டின் தொடக்கம் முழுக்க மெய்க்கீர்த்தி. ஆறுகள் கூடும் கூடல்சங்கமத்தில் சாளுக்கியரை வென்ற பெருமை. நதிக்கூடலில் வென்ற செய்தியை இன்னொரு நதிக்கூடலில் வெட்டிவைத்தார்கள். பெரும்பாலான மன்னர்களின் கல்வெட்டு இத்தோடு ஒரு விளக்குக்கு ஆடு விட்டதைச் சொல்லி முடிந்துவிடும். இது முடியவில்லை. இதற்குப் பிறகுதான் சுவாரசியமே. 1915இல் கல்வெட்டுத் துறையினர் இதைப் படியெடுத்தார்கள்; பின்னர் கே. வி. சுப்பிரமணிய ஐயர் பதிப்பித்தார்.

என்ன சொல்கிறது? கோயிலின் ஜனநாத மண்டபத்தை ஒட்டி ஒரு பள்ளி. வேதமும் வியாகரணமும் ஆகமமும் படிக்கும் மாணவர்களுக்கு விடுதி. அவர்கள் படுக்கப் பாய், இரவில் படிக்க விளக்கு, சனிக்கிழமை தேய்த்துக் குளிக்க எண்ணெய். சனி நீராடு என்று சொன்னதோடு நிற்காமல் அதற்கு எண்ணெய்ச் செலவும் ஒதுக்கினார்கள். அப்புறம் வீரசோழன் என்ற பெயரில் ஆதுலசாலை, அதாவது ஆஸ்பத்திரி. 15 படுக்கை. நோயாளிக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. இரவு முழுக்க எரிய ஒரு விளக்கு.

வேலையாட்களின் கணக்கைக் கேளுங்கள். ஒரு வைத்தியர்: ஆலப்பாக்கத்துக் கோதண்டராமன் அசுவத்தாம பட்டர். ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை செய்ய ஒருவர், 30 கலம். மூலிகை பறித்து, விறகு கொண்டுவந்து, மருந்து காய்ச்ச இரண்டு பேர், இருவருக்குமாக 60 கலமும் 2 காசும். நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு மருந்து கொடுக்க இரண்டு பெண்கள், இருவருக்குமாக 30 கலமும் 1 காசும். ஒரு நாவிதர், 15 கலம். தண்ணீர் கொண்டுவர ஒருவர், 15 கலம்.

இந்தக் கலக் கணக்கைப் படியளந்த பெரியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். அப்படிப் பார்த்தால் வைத்தியருக்கு நாளுக்கு மூன்று குறுணி நெல். மருந்து கொடுத்த பெண்ணுக்கு நாலு நாழி. ஆறில் ஒரு பங்கு. இரவெல்லாம் விழித்தவள் வாங்கிய சம்பளம் அது. பழம்பெருமை பேசும்போது இதையும் சேர்த்துப் பேசுவதுதான் முறை. இன்றைக்குத் தனியார் மருத்துவமனைகளில் நர்ஸ் பெண்களுக்குக் கொடுக்கிற சம்பளத்தைப் பார்த்தால், இந்த ஒரு விஷயத்தில் சோழர் மரபை நாம் விடாமல் காத்துவருகிறோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அடுத்து மருந்துகள். ஆண்டுதோறும் சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளைப் பெயர் பெயராக வெட்டியிருக்கிறார்கள். வாசாஹரீதகி, தசமூல ஹரீதகி, கோமூத்திர ஹரீதகி, லசுனாதி ஏரண்ட தைலம், பில்வாதி கிருதம், கல்யாண லவணம், புராண கிருதம் என்று நீள்கிறது. வடமொழிப் பெயராக இருக்கிறதே என்று மிரள வேண்டாம். ஹரீதகி என்றால் நம் கடுக்காய். வாசா ஆடாதோடை, இருமலுக்கு உங்கள் பாட்டி காய்ச்சிக் கொடுத்த அதே கசப்பு. லசுனாதி ஏரண்டம் பூண்டு சேர்த்த ஆமணக்கெண்ணெய். பில்வம் வில்வம். புராண கிருதம் ஆண்டுக்கணக்கில் வைத்துப் பழையதாக்கிய நெய். நெய்யையும் கணக்கில் சேர்த்துத்தான் ஒதுக்கீடு. இதெல்லாம் நடக்க வயலைக்காவூரின் வருவாயை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

இதில் என்னை நிறுத்திய இடம் அந்தத் தண்ணீர்க்காரர். பெயர் இல்லை. மூன்று ஆறு கூடும் இடத்தில், கைக்கெட்டிய தூரத்தில் தண்ணீர் ஓடிய காலத்தில், அதைக் கொண்டுவந்து வைப்பதற்குத் தனியாக ஓர் ஆளும் தனியாக 15 கலமும். யாராவது கொண்டுவருவார்கள் என்று விடவில்லை. எந்த நல்ல காரியமும் 'யாராவது' என்ற சொல்லில்தான் கெடுகிறது. கல்வெட்டு எழுதியவருக்கு அது தெரிந்திருக்கிறது.

தமிழ்நாட்டுக்கும் ஜப்பானுக்கும் உறவு தேட நம்மில் பலருக்கு ஆசை. ஜென் பௌத்தத்தின் போதிதர்மர் காஞ்சியிலிருந்து சீனாவுக்குப் போனார் என்று சினிமா வந்தபிறகு குழந்தைக்கும் தெரியும். அவர் தென்னிந்தியர் என்று சீன மரபு சொல்கிறது. காஞ்சி என்பது நம்பிக்கை. சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்று கடைசிவரை வாதாடினார். நம் பொங்கலையும் ஜனவரி 15இல் அவர்கள் கொண்டாடும் சிறு புத்தாண்டுச் சடங்குகளையும் ஒப்பிட்டார். யாழ்ப்பாணத்துச் சண்முகதாஸ் தம்பதியர் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அந்த முடிவை ஏற்கவில்லை. எனக்கு இந்த ரத்த உறவுத் தேடலில் ஆர்வம் குறைவு. ஒருவரையொருவர் அறியாத இரண்டு ஊர்க்காரர்கள், சாமி கும்பிடும் இடத்தில் நோயாளிக்கும் ஒரு பாய் போட வேண்டும் என்று தனித்தனியாக நினைத்தார்களே, எனக்கு அது போதும்.

சரி, ஒரு குடும்பம் இங்கே ஒரு நாளை எப்படிக் கழிக்கலாம்? இதை உள்ளூர்க்காரர்களுக்குச் சொல்வது கொல்லத் தெருவில் ஊசி விற்கிற கதைதான். இருந்தாலும் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். செங்கல்பட்டு - அரக்கோணம் தடத்து ரயிலில் வந்து பழையசீவரத்தில் இறங்கலாம். குன்றில் லட்சுமி நரசிம்மர். காலையிலேயே ஏறிவிடுங்கள், கல் சுட ஆரம்பித்தால் பிள்ளைகள் அழும். மேலிருந்து பார்த்தால் பாலாறு முழுக்கத் தெரியும். பெரும்பாலான மாதங்களில் மணல்தான் தெரியும், அதையும் காட்டுங்கள். 2021 நவம்பரில் இதே ஆறு கரை கொள்ளாமல் போனதையும் சொல்லுங்கள். பிறகு பாலம் தாண்டி இக்கரை. சாலவாக்கம் பக்கத்துக் கல்குவாரிகளிலிருந்து வரும் லாரிகளுக்கு ஒதுங்கி, பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாருங்கள். அந்த லாரியின் புழுதியும் இந்த அமைதியின் மேல்தான் படிகிறது. இது உங்களுக்குத் தெரியாததல்ல, ஆட்சியர் அலுவலகத்துக்குத் தெரிய வேண்டியது.

கோயிலுக்குள் சேவித்து முடித்ததும் கிளம்பிவிடாதீர்கள். சுவர்ப்பக்கம் போங்கள். வெயில் நேரே விழும்போது எழுத்து கண்ணுக்குப் பிடிபடாது. காலையிலோ மாலையிலோ வெளிச்சம் சாய்ந்து விழும்போது பார்க்க வேண்டும்; மொபைல் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் இன்னும் நன்றாகத் தெரியும். கையால் தேய்க்காதீர்கள், சுண்ணாம்போ மாவோ பூசாதீர்கள். புள்ளி இல்லாத எழுத்து என்பதால் முதலில் தடுமாறும். க, த, ட, ப என்று ஒவ்வொன்றாகப் பிள்ளைகள் கண்டுபிடிப்பார்கள், நம்மைவிட வேகமாக. கண்டுபிடிக்கும்போது கொஞ்சம் சத்தம் போடுவார்கள். போடட்டும். பிள்ளைகள் பாடம் சொன்ன இடம்தானே, பெருமாளுக்குப் பழகிய சத்தம்தான்.

அடுத்த வாரம் மாட்டுப் பொங்கல். காஞ்சி வரதர் பார்வேட்டைக்குப் புறப்பட்டு, வாலாஜாபாத் வழியாக ஊர் ஊராக மண்டகப்படி கண்டு, பழையசீவரம் மலைக்கு எழுந்தருள்வார். அத்திமர வரதர் நீருக்குள் போனபின் காஞ்சியில் மூலவராக நிற்கும் கல் திருமேனி பழையசீவரத்திலிருந்து போனது என்பது நம் பக்கத்து வழக்கு. பிறந்த வீட்டுக்கு ஆண்டுக்கொருமுறை வருகிறார் என்று பெண்கள் சொல்வார்கள். பிறகு நரசிம்மரோடு ஆற்றைக் கடந்து இங்கே வருவார். சாலவாக்கம் சீனிவாசப் பெருமாளும் காவாந்தண்டலம் லட்சுமி நாராயணப் பெருமாளும் வந்து சேர, உங்கள் வெங்கடேசப் பெருமாள் வரவேற்க, ஐந்து பெருமாளும் ஒரே இடத்தில். மூன்று ஆறு கூடுகிறதோ இல்லையோ, ஐந்து பெருமாள் கூடிவிடுகிறார்கள். அன்றைக்கு இங்கே அமைதி இருக்காது, இருக்கவும் வேண்டாம். கரும்பும் பலூனும் ராட்டினமும் உங்கள் ஊர் உரிமை.

ஆனால் மறுநாள் காலையில் இந்த ஆற்று மணலைப் பார்க்கும்போதுதான் எனக்கு வயிறு எரிகிறது. பிளாஸ்டிக் தட்டு, தண்ணீர்ப் பாக்கெட், கரும்புச் சக்கை. ஜப்பானியக் கோயில்களில் குப்பைத்தொட்டியே பெரும்பாலும் கண்ணில் படாது. கொண்டுவந்தவர் குப்பையை வீட்டுக்கே எடுத்துப்போகிறார். நாம் உடனே அப்படி மாறிவிடுவோம் என்று கனவு காணவில்லை. ஆனால் தண்ணீர் சுமந்தவருக்கு 15 கலம் ஒதுக்கிய ஊர் இது. திருவிழாவுக்கு வசூலிக்கும் பணத்தில் மறுநாள் மணலைக் கூட்டும் ஆட்களுக்கென்று ஒரு தொகையை முதலிலேயே எழுதி வைக்க முடியாதா? வாண வேடிக்கைக்கு எழுதுவதற்கு முன்னால்?

இன்னொரு கோரிக்கையும் உண்டு, அத்தோடு முடித்துக்கொள்கிறேன். கல்வெட்டில் வரும் மருந்துச் செடிகளில் ஆடாதோடை, வில்வம், ஆமணக்கு இம்மூன்றும் இந்த மண்ணில் அதிகம் தண்ணீர் கேட்காமல் வளரும். கடுக்காய்க் கன்றும் வனத்துறை நாற்றங்காலில் கேட்டுப் பார்க்கலாம். கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் வளாகத்துக்குள் நாமாக எதையும் நடக்கூடாது, நடவும் வேண்டாம். வெளியே ஊராட்சிக்குச் சொந்தமான இடம் ஒன்றை ஊர்ப் பெரியவர்கள் காட்டுங்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் செடிக்கு ஒன்றாகப் பெயர்ப்பலகை எழுதட்டும், கல்வெட்டில் உள்ள பெயரும் வீட்டில் சொல்லும் பெயரும் சேர்த்து. தண்ணீர் ஊற்ற யாராவது வருவார்கள் என்று விடாதீர்கள். ஒருவரை வைத்து, மாதச் சம்பளம் பேசி, அந்தக் கணக்கையும் பலகையில் எழுதுங்கள். முதல் மூன்று மாதச் சம்பளத்தை நான் இப்போதே இந்த மேடையில் கொடுத்துவிட்டுப் போகிறேன். நாலாவது மாதத்துக்கு யார் என்று நீங்கள் முடிவு செய்து சொல்லுங்கள்.